நரிக்குக் காணாத தோட்டா

அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் ஆங்கிலேயர். நகரத்துக்கு வெளியே கோழி வளர்த்தார். நரி வந்து கோழிகளைக் கொண்டுபோனது. அதைச் சுட ஒரு துவக்கு வாங்க அனுமதி பெற்றிருந்தார். ஒரு சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போகும் வழியில், நாங்கள் குடியிருந்த செவன் கிங்ஸில் என்னையும் என் மனைவியின் தம்பியையும் ஏற்றிக்கொண்டார். சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறான், எங்கேயாவது கூட்டிப்போங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். செவ்வாய்க்கிழமை அவனுக்குக் குரோய்டனில் அகதி விசாரணை. இயக்கத்தில் இருந்ததில்லை, துவக்கைத் தொட்டதே இல்லை என்று அதிகாரிகளிடம் முதலிலேயே சொல்லியிருந்தான். வழக்கு அதில்தான் நின்றது.

இந்நாட்டில் கைத்துப்பாக்கிக்குத் தடை. அதன் தோட்டாவைச் சுடும் நீளத் துவக்குகளுக்கு அனுமதி உண்டு. கடைக்காரர் இரண்டு தோட்டாக்களை மேசையில் நிறுத்தினார். ஒன்று பென்சிலை விட மெல்லியது; சத்தம் குறைவு. மற்றது ரிவால்வருக்காகச் செய்த தடித்த தோட்டா. நரி நின்ற இடத்திலேயே விழும், அயலவர்களும் எழும்புவார்கள். பிறகு தலைவிளக்கு, காதுமூடி, நரியை வரவழைக்க அடிபட்ட முயலைப் போல அழும் ஊதுகுழல். அதை ஊதியும் காட்டினார். மைத்துனன் மட்டும் சிரிக்கவில்லை.

தடித்த தோட்டாவுக்கான துவக்கைத் தூக்கிப் பார்த்த அலுவலக நண்பர், உபசாரமாக அதை அவனிடம் நீட்டினார். நீட்டியதை மறுப்பது எங்கள் வளர்ப்பில் இல்லை. வாங்கினான். குழலைத் தரைக்குச் சாய்த்தான். அடியிலிருந்த பிடியை இழுத்துத் திறந்து, குனிந்து பார்க்காமல், உள்ளே தோட்டா இல்லை என்பதைச் சுண்டுவிரலால் தடவி உறுதிசெய்தான். பிறகுதான் என்னைப் பார்த்தான்.

"பழக்கமோ?" என்றார் கடைக்காரர் ஆங்கிலத்தில்.

"சினிமா," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

திரும்பும்போது காரின் பின் இருக்கையில் தமிழில் சொன்னேன்: "செவ்வாய்க்கிழமை கையைக் கவனமா வச்சிரு."

"அங்க ஆர் அத்தான் எனக்குத் துவக்கு தரப்போகினம்? தேத்தண்ணியே தரமாட்டாங்கள்."

"பகிடி விடாத. அக்காவுக்குத் தெரியுமோ?"

"அவவுக்குத் தெரியவேண்டியது தெரியும்."

"எனக்கு?"

அவன் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை குரோய்டனில் விசாரணை நடந்த பெரிய கட்டடத்தின் வாசலில் காத்திருந்தேன். இரு கைகளையும் ஜாக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தான். முடிவைப் பிறகு அறிவிப்பார்களாம்.

"துவக்கைப் பற்றிக் கேட்டவையோ?"

"ஓம்."

"என்ன சொன்னனீ?"

"முந்திச் சொன்னதுதான்."

ரயில் ஏறினோம். பிறகு அவனாகக் கேட்டான்: "உங்கட வெள்ளை கடைசியில எதை வாங்கினவர்?"

"சின்னதை. சத்தம் வேண்டாமாம்."

"அது நரிக்குக் காணாது, அத்தான். படும், ஆனா விழாது. எங்கயாவது பத்தைக்குள்ள போய்க் கனநேரம் கிடந்து ஆறுதலாச் சாகும். நான்..."

எதிர் இருக்கைக்காரர் பேப்பரிலிருந்து தலையை உயர்த்தினார். தமிழ் விளங்கும் எங்கள் ஆள் போலவும் இருந்தார், இல்லாதது போலவும் இருந்தார். மைத்துனன் வாயை மூடிக்கொண்டான். எங்கள் நிலையம் வரும்வரை அந்த மனிதர் தாளைப் புரட்டவில்லை.