உப்பளத்தில் காணாமல் போன டிஸ்க்

மார்கழியின் ஒரு சனிக்கிழமை புதுச்சேரிக்குக் கிளம்பினேன். உப்பளத்தில் ஒரு மருத்துவக் குழுமத்தின் கணினி மையம் இருக்கிறது. அங்கே மெயின்ஃப்ரேமில் ஓடும் லினக்ஸ், முதல் நாள் ரீபூட் செய்தபின் எழவில்லை. நெட்வொர்க்கும் இல்லாததால் சென்னையில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்க்க வழியில்லை. இதே வேலையாக ஊர் ஊராகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருவான்மியூரில் ஆறரை மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்து. மூன்றரை மணி நேரம் ஆகும். இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மரக்காணத்து உப்பு வயல்களில் நீரும் வானமும் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. வரப்பில் போன ஒருவர் பனிக்குள் மிதப்பது போலிருந்தது. அப்படியே கண்ணயர்ந்து, கனகசெட்டிக்குளம் தாண்டித்தான் விழித்தேன்.

பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரர், “உப்பளமா? ஸ்டேடியம் பக்கமா, போர்ட் பக்கமா?” என்றார். போர்ட் பக்கம் என்றேன். “நூத்தம்பது குடுங்க, ஏறுங்க.” ஏறும் முன்பே பேசிவிடுவது நல்லது.

மெஷின் அறைக்குள் குளிரும் ஒரே சீரான இரைச்சலும். கடலுக்கு அடியில் இருப்பது போன்ற உணர்வு. கன்சோல் முன்னால் மெர்சி உட்கார்ந்திருந்தாள். சர்வர்களைக் கவனிப்பவள், வீடு புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில். முதல் நாளிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

“அக்கா, நேத்து புது டிஸ்க் ஒண்ணு சேர்த்தேன். ரீபூட் பண்ணதும் பழசு காலியா காட்டுது. நான்தான் அழிச்சுட்டேன் போல.”

பின்னால் நின்ற மேலாளர், “ஃபார்மட் போட்டு பேக்கப்ப ஏத்திடலாம். திங்கக்கிழமை டாக்டருங்க கேப்பாங்க” என்றார். பேக்கப் பத்து நாள் பழையது. அதற்குப் பின் எடுத்த ஸ்கேன் படங்கள் வேறு எங்கும் இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தவர்களின் படங்களும் அவற்றில் உண்டு.

“ஒரு மணி நேரம் குடுங்க சார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க” என்றேன்.

எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் fstab கோப்பில், படங்கள் இருக்கும் இடம் /dev/dasdb1 என்றிருந்தது. டிஸ்க்குகளைப் பட்டியலிடும் lsdasd கட்டளை dasdb-ஐ ஃபார்மட் ஆகாத டிஸ்க் என்று காட்டியது. மெர்சி பயந்தது அதைப் பார்த்துத்தான். அணைந்திருக்கும் டிஸ்க்குகளையும் காட்டும்படி lsdasd -a என்று அடித்தேன். 0.0.0202 என்ற முகவரியில் ஒரு டிஸ்க் ஆஃப்லைனில் கிடந்தது.

“மெர்சி, புதுசோட முகவரி என்ன?”

“0203 அக்கா.” சொன்னவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அப்ப இது...”

“இதுதான் உன் பழைய டிஸ்க்.”

எப்போதோ யாரோ அதைக் கையால் ஆன்லைனுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிரந்தரமாகப் பதியவில்லை. ரீபூட்டில் அது எழாமல் போக, எழும் வரிசைப்படி கிடைக்கும் dasdb என்ற பெயர் அடுத்து வந்த புதியதற்குப் போய்விட்டது. அந்த வெற்று டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தாலும் எதுவும் அழிந்திருக்காது. ஆனால் பழையதை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். மெர்சியும் தானே அழித்ததாகக் காலமெல்லாம் நம்பியிருப்பாள்.

அந்த டிஸ்க் இப்போதும் இனி ஒவ்வொரு ரீபூட்டிலும் எழும்படி chzdev -e dasd 0.0.0202 என்று அடித்தேன். பிறகு, எதையும் எழுத முடியாதபடி ரீட்-ஒன்லியாக மவுன்ட் செய்தேன். பிழை எதுவும் வரவில்லை. மெர்சி கோப்புறைகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். கடைசியாக எடுத்த படம் வரை இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளர், “நீ வூட்டுக்குப் போம்மா. மீதிய நாங்க பாத்துக்கறோம்” என்றார். அவள் போகவில்லை. படங்களுக்குப் பிரதி எடுத்து முடிக்கவே மாலையாகிவிட்டது. fstab-ஐத் திருத்தி, மறுபடி ரீபூட் செய்து, எழுந்ததைப் பார்த்த பிறகுதான் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால் முதலில் முகவரியைப் பாருங்கள். fstab-ல் மாறக்கூடிய பெயருக்குப் பதிலாக, மாறாத /dev/disk/by-path வழியையோ UUID அடையாளத்தையோ எழுதுங்கள். chzdev கொண்டு நிரந்தரமாகப் பதியுங்கள். டிஸ்க் காலி என்று திரை சொன்னால், எந்த டிஸ்க் என்று கேளுங்கள். பயந்துபோயிருக்கும்போது இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. ஊர் பற்றி ஒன்று: மாலை ஆறுக்கு மேல் புதுச்சேரிக்குள் இருக்கும் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், நடந்துதான் போக வேண்டும்.

மெர்சியும் நானும் அங்கே நடந்தோம். வெளிச்சம் மங்கி, கடல் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. மெர்சி கருங்கற்களின் ஓரம் நின்று போனை எடுத்தாள்.

“அம்மா, எதுவும் போகலம்மா. எல்லாம் இருக்கு. வரேன், சோறு எடுத்து வை. பசிக்குது.”