எஃப்.சி. டயர்

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எண்பதுகளில் மெட்ராஸ் ஏர்போர்ட்டில் எனக்கு வேலை. விமானச் சக்கரங்களைத் தாங்குகிற உலோகக் கால்களைக் கழற்றிச் சோதிப்போம். சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தூவுவோம். முடியளவு விரிசல் இருந்தாலும் பொடியில் சிவப்புக் கோடு விழும். விழுந்தால் அந்தப் பாகம் ரிஜெக்ட். எந்த அதிகாரி வந்து நின்றாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

லீவில் குன்னம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். ஊர் பஸ்ஸுக்கு மறுநாள் எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானதா என்று வருஷா வருஷம் பார்க்கிற சோதனை. பஸ் முதலாளி எனக்குச் சித்தப்பா முறை. நூல் தெரியத் தேய்ந்த டயர்களைக் கழற்றிவிட்டு, அரியலூர் பஸ்காரரிடம் இரவல் வாங்கிய புது டயர்களை மாட்டிக்கொண்டிருந்தார். போன வாரம் அதே டயர்களைக் காட்டித்தான் அரியலூர் வண்டியும் பாஸானதாம்.

"எஃப்.சி. முடிஞ்சதும்?"

"கழட்டிக் குடுத்துட்டு பழசையே மாட்டிக்க வேண்டியதுதான்."

"இத்தனை உசிரு ஏறுது சித்தப்பா. ஒரு விரிசலுக்கே நாங்க பிளேனை நிறுத்திடுவோம்."

"அது பெரிய மனுசங்க போறது," என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல். "இதுல நம்ம ஜனந்தான போவுது."

கோபத்தில் அவர் வீட்டில் கை நனைக்காமல் வந்துவிட்டேன்.

நாலாம் நாள் லீவு முடிந்தது. பெரம்பலூர் போக அந்த ஒரு பஸ்தான். குனிந்து டயர்களைப் பார்த்தேன். நூல் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து டிக்கெட் வாங்கினேன்.