இஞ்சினைத் தொட்டவள்

பேத்தி கவிதா நடுக்கடல்ல எண்ணெய் எடுக்குற மேடையில இஞ்சினியர். லீவுக்கு ஈப்போ வந்தவ, வேலைச் சட்டையைக் கொடியில போட்டா. அந்த எண்ணெய் வாசம் மூக்குல ஏறினதும், சின்னப் புள்ளையில நாங்க இருந்த செமோர் பக்கத்துத் தோட்டத்து ரப்பர் ஆலை ஞாபகம் வந்துருச்சு.

ஆயுத பூசைக்கு ஆலை இஞ்சினுக்குச் சந்தனம் வச்சு மாலை போடுவாங்க. இஞ்சினை ஓட்டுற முனியாண்டி மாமா, தன் மக சரோஜாவைத் தூக்கி, அவ கையாலதான் அதை முடுக்கிவிடுவாரு. தரையே அதிரும். ஒரு வருசம் நானும் உள்ளே போயிட்டேன்.

"எனக்கும் ஒரு வாட்டி, மாமா."

"மரத்துல பால் வெட்டுறவ மகளுக்கு இஞ்சின் எதுக்கு? வெளிய நின்னு பொரி தின்னு, போ!"

சரோஜா சிரிச்சா. அந்தச் சிரிப்பு இன்னும் வயித்துல எரியுது.

கவிதாகிட்ட கேட்டேன்: "என்னையும் ஒரு வாட்டி கூட்டிட்டுப் போறியா? உன் இஞ்சினைத் தொட்டுப் பார்க்கணும்."

"அங்க வெளியாளுங்கள விடமாட்டாங்க லா, பாட்டி!" அவளும் சிரிச்சா.

அவளை நினைச்சா எனக்குப் பெருமைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா அன்னிக்கு மத்தியானம், எப்பவும் அவ தட்டுக்குப் போற மீன் தலையை நானே எடுத்து வச்சுத் தின்னேன்.