நாலு மைக்ரான் அக்கா

தவறே செய்யாதவர் என்று பேரெடுப்பது பெருமையா, அல்லது தவறைத் தேடிப் பார்க்காததன் பலனா? நாலு மைக்ரான் அக்காவின் வாழ்க்கை இந்தக் கேள்வியை ஒருமுறை நேராகவே கேட்டது.

புற்றுநோய் மருத்துவமனையின் திசு ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகளாக அவருக்கு ஒரே வேலை. நோயாளியின் புற்றுச் சதையை மெழுகில் புதைத்துத் தருவார்கள். அந்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, பனிக்கட்டியில் குளிரவைத்து, இயந்திரக் கத்தியில் சீவி, சீவலை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்த வேண்டும். அணுக்கள் கண்ணுக்குத் தெரிய, பிறகு அதற்கு ஊதாச் சாயம் ஏற்றுவார்கள். சீவலின் தடிமன் நான்கு மைக்ரான், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் அதில் நான்கு பங்கு. பட்டப்பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

"இவ நறுக்கின வெங்காயத்து வழியா பேப்பர் படிக்கலாம்" என்பார் கணவர்.

"படிச்சு முடிச்சுட்டு நீங்களே வதக்கிடுங்க" என்பார் அக்கா.

அங்கே ஒரு டாக்டர் ஆராய்ச்சி தொடங்கினார். கொழுப்பைக் குறைக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு வாயிலோ தொண்டையிலோ புற்று வந்தால், அதை எதிர்க்கும் உயிரணுக்கள் அங்கே கூடுதலாகத் திரள்கின்றனவா? அக்கா சீவினார், டாக்டர் எண்ணினார். மாத்திரைக்காரர்களிடம் அணுக்கள் மளமளவென்று கூடியிருந்தன. டாக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

கட்டுரை அனுப்ப இரண்டு நாள் இருந்தது. ஸ்லைடுகளை அடுக்கும்போது ஒரு தட்டில் மட்டும் ஊதாச் சாயம் அடர்ந்திருப்பதை அக்கா கண்டார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேல்மெழுகை வழிக்கும்போது இயந்திரத்தில் தடிமனைக் குறிக்கும் சக்கரத்தைக் கூட்டி வைப்பது வழக்கம். பிறகு நான்குக்கு இறக்க வேண்டும். அன்று அது ஆறிலேயே நின்றுவிட்டிருந்தது. சீவல் தடித்தால் அணுக்கள் அதிகம் தெரியத்தான் செய்யும். அந்தத் தட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மாத்திரைக்காரர்கள். அவர்களுடைய பிளாக்குகள் ஒரே நாளில் ஒரே கட்டாக வந்திருந்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"டாக்டர், கட்டுரைய அனுப்பாதீங்க. என் கை தப்பு பண்ணிடுச்சு."

"நீங்களா? சாயம் கூடியிருக்கும்க்கா."

"சாயத்து மேல பழி போட்டா அது என்ன வந்து மறுக்கவா போகுது? ஆறுல வெட்டியிருக்கேன். திரும்ப வெட்டித் தரேன்."

பாராட்டைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும். இந்த இடத்தில் செலவிடலாம்.

நான்கு நாள் மறுபடி சீவினார். ஒரே ஒரு பிளாக் பாக்கி இருக்கும்போதே கணக்கு தெளிந்துவிட்டது. மலையாகத் தெரிந்த வேறுபாடு மேடாகக் குறுகியது. ஆனால் மேடு நின்றது. இனி அதை யாரும் அசைக்க முடியாது.

பாக்கி இருந்தது அக்காவின் அண்ணனுடையது. மூன்று ஆண்டுக்கு முன் தொண்டைப் புற்றில் போனவர். மெழுகுக்குள் இன்னும் ஒரு சீவலுக்குத்தான் சதை இருந்தது.

"இத விட்டுடலாம்க்கா" என்றார் டாக்டர். "ஒண்ணு குறைஞ்சா எதுவும் கெட்டுப்போகாது. அவரோடதுன்னு மிச்சம் இருக்கறது இது மட்டும்தானே."

அக்கா பிளாக்கைப் பனிக்கட்டிமேல் வைத்தார். சக்கரம் நான்கில் நிற்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். பிறகு சீவினார். ஏனென்று யாரிடமும் சொன்னதில்லை, கணவரிடமும்கூட.