டி.டி.பி. வகுப்பில் பத்திரிகை மடித்தோம்

ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடை மாடியில் நடந்த அந்த டி.டி.பி. வகுப்பை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கையெழுத்தை நானே படிக்க முடியாது. கம்ப்யூட்டராவது மானத்தைக் காப்பாற்றட்டும் என்றுதான் சேர்ந்தேன்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போனால் உள்ளே ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் சார் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை தயாரிப்பார். தயாரித்தபடியே எங்கள் ஐந்து பேருக்கும் நோட்ஸ் சொல்வார். முதலில் டைப் செய்ய வேண்டும், பிழை திருத்த வேண்டும், பக்கத்தை அமைக்க வேண்டும், பிரிண்ட் எடுத்து அச்சுக்கு அனுப்ப வேண்டும், கடைசியில் மடிக்க வேண்டும். பிராக்டிகல் என்று வந்தால் மட்டும் நேராகக் கடைசிப் படிக்குத் தாவிவிடுவார். அச்சாகி வந்த பத்திரிகைகளை நாங்கள் மடித்து உறையில் போட வேண்டும்.

மடிப்பதில் நான்தான் முதல் என்று வீட்டில் பெருமையடித்தேன். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கமான மைசூர் மைன்ஸில் வேலை பார்த்த அப்பா முறைத்தார். "உன்ன கேஜ்லயே ஏத்தாதவன்கிட்ட இன்னாடா அண்டர்கிரவுண்ட் ட்ரெய்னிங்கு?" கேஜ் என்பது சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கூண்டு. அவருக்கு டெக்னாலஜி புரியவில்லை என்று நான் பரிதாபப்பட்டேன்.

சுரங்கத்தை மூடிவிடுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு அடுத்த சம்பளம் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். பெங்களூரில் ஓர் அச்சகத்தில் ஆள் கேட்டார்கள் என்று போனேன். ஒரு விசிட்டிங் கார்டு செய்யச் சொன்னார்கள். அம்பு திரையின் ஓரத்தை எட்டுவதற்குள் மவுஸ் மேசையைத் தாண்டி என் தொடைக்கு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தாள். வேறு வழியின்றி நானும் சிரித்தேன். முதலாளி சிரிக்கவில்லை. ஒழுங்காகக் கற்றுக்கொண்டு அடுத்த வாரம் வா, அதற்கு மேல் காத்திருக்க முடியாது என்றார்.

ரயிலில் ஊர் வரும்வரை கொதித்தேன். ஏமாற்றியவன் மீது பாதி, ஏமாந்ததற்குப் பெருமையடித்தவன் மீது பாதி.

மறுநாள் வகுப்பு மேசையில் பத்திரிகைகள் மலையாகக் குவிந்திருந்தன. சாயங்காலம் பக்கத்துச் சுரங்கக் குடியிருப்பான பாலகாட்டிலிருந்து பெண் வீட்டார் வாங்க வருவார்கள். மற்ற நால்வரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஐந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். எல்லாரும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். இந்தப் பாடத்துக்கு மட்டும் நோட்ஸ் தேவைப்படவில்லை.

"இன்னாப்பா, ஸ்ட்ரைக்கா?" என்றார் சார்.

"ஆமா சார். நீங்க மடிங்க. நாங்க டைப் பண்றோம்."

"மெஷின் கெட்டுப்போச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது?"

"என் வேலை போச்சுன்னா யாரு சார் பதில் சொல்றது?"

கத்தினார், பிறகு கெஞ்சினார். கடைசியில் நாற்காலியை விட்டு எழுந்தார். அன்றிலிருந்து ஷிப்ட் போட்டு உட்கார்ந்தோம். சார் மடித்தார், கோணல்மாணலாக.

அடுத்த வாரம் பெங்களூரில் விசிட்டிங் கார்டைச் செய்துகாட்டினேன்; வேலை கிடைத்தது. சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு இனிப்பு கொடுத்துவிட்டு வா என்று அம்மா ஒரு பெட்டியைக் கையில் திணித்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து மொத்தத்தையும் நானே தின்றேன். திகட்டியது. கொடுத்திருக்கலாம் என்று மட்டும் தோன்றவே இல்லை.