பேய்க்கதைக்காரரின் கைக்கடிகாரம்

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர் வாடகை நூல்நிலையம் ஒன்றில் அவரை மாதம் ஒருமுறை சந்திப்பேன். மாத நாவல்களில் சிரிப்புப் பேய்க்கதைகள் எழுதுபவர். ஒல்லி உடம்பு, மணிக்கட்டில் பெரிய கடிகாரம். தன் புது நாவல் வரும் நாளில் அலமாரியோரம் நின்று, அதைப் பிரிப்பவர் எத்தனை நேரத்தில் சிரிக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

“பழைய கறுப்பு வெள்ளை டிவி நாடகமெல்லாம் கேசட்ல வச்சிருக்கேன் சார். எதுலயும் முதல் சிரிப்புக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகாது” என்பார். அவை முதலில் ஒளிபரப்பான அதே ஏழு மணிக்குத்தான் தினமும் போட்டுப் பார்ப்பார். அதற்காகக் கல்யாண வரவேற்புகளுக்கே போகாதவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை முகம் வாடியிருந்தது. “இந்தப் பேயும் போணியாகலேன்னா, இனிமே வெறும் கொலைதான் எழுதணுமாம். பதிப்பாளர் சொல்லிட்டார்.”

அப்போது ஒரு மாமி அந்த நாவலைப் பிரித்தார். அவர் சிரித்து அங்கே யாரும் பார்த்ததில்லை. ஒரு நிமிடம் போயிற்று. இரண்டும் போயிற்று. எழுத்தாளர் கடிகாரத்தைக் கையால் மூடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். படித்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

“மாமி, குடை!” என்று நூல்நிலையக்காரர் எழுந்தார்.

“கூப்பிடாதீங்கய்யா! படிக்கட்டும்” என்று எழுத்தாளர் அவர் கையைப் பிடித்தார்.

ஏழு மணி ஆயிற்று. அவர் வீட்டுக்குக் கிளம்பவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு, வாசலையே பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

ஏழே முக்காலுக்கு மாமி திரும்பி வந்தார் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது. குடையைக் கேட்கவில்லை. “இந்த மனுஷன் எழுதினது வேற ஏதாவது இருக்கா?” என்றுதான் கேட்டார்.