நான் பெயர் வைத்த பிள்ளை

பெயர் வைத்தவள் தாயாகிவிடுவாளா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

நாங்கள் குடியிருக்கும் கிடர்பூரில் அநாதை விடுதியை நடத்தும் அம்மாள் திருநெல்வேலிக்காரர். நரைத்த கொண்டை, பருத்த கைகள். விடுதியில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வந்திருக்கும் தாய்மாரில் யாராவது ஒருத்தியின் மடியில், கேட்காமலே ஒரு குழந்தையைக் கிடத்திவிடுவார். ஒரு ஞாயிறு என் மடியில் ஒரு பெண் குழந்தையைக் கிடத்தினார்.

“ஞானஸ்நானத்துக்கு நீயே ஒரு பேரு சொல்லு மக்களே.”

பதற்றத்தில், எனக்கு மகள் பிறந்தால் வைக்க நினைத்திருந்த பெயரைச் சொல்லிவிட்டேன்.

“திக்கற்ற பிள்ளைகள விசாரிக்கணும்னு வேதத்துல இருக்கே. வாராவாரம் வந்து பாக்கேன்ம்மா” என்றேன்.

“விசாரிச்சிட்டு நீ வீட்டுக்குப் போயிருவ. அவ எங்க போவா?” என்று சிரித்தார்.

சொன்னபடியே வாராவாரம் போகிறேன். அந்தப் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும் குழந்தை என்னைத்தான் தேடுகிறது. கைக்குழந்தையான என் மகனுக்கே என் பால் போதவில்லை. இதை வாசிக்கும் தாய்மாரே, இவளையும் வீட்டுக்குக் கொண்டுவரலாமா? சொல்லுங்கள்.